ஐந்தாவது அணிக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியை உன்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஐ ஆம் ஃபைன் அப்பா" என்று ஒரே குரலில் ஒரே வேகத்தில் பதில் வந்தது. ஆகவே இன்றைக்குக் கேட்கவில்லை. நாளை மறுநாள் நீயும் றயனும் வடக்கே அந்தச் சின்ன ஊருக்குப் புறப்படுகிறீர்கள். உனக்குக் கொடுத்துவிட அம்மா மிளகாய்த்தூள் வறுக்கிறா. வீடு முழுக்க நெடி. நான் இருமிக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுதி முடிந்ததும் அந்தத் தூள் பைக்குள்தான் வைக்கப் போகிறேன். உன் ஃபோனை றயன் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில், "இது எனக்கு எதுக்கு அப்பா?" என்று காருக்குள் இருந்து அழுவாய். அப்போது என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து மல்வேர்னில் இருந்தபோது உன் பள்ளிக்கூடத்திலிருந்து அடிக்கடி ரெலிபோன் வரும். படிப்பில் குறையில்லை, வாய்தான் கூட என்பார்கள். வகுப்பில் ரீச்சர் ஒன்று சொன்னால் நீ இரண்டு சொல்வாய். ஒருமுறை பஸ் சாரதி ஒரு வயதான சீன அம்மாவை ஏற்றாமல் கதவை மூடப் போக, நீ உன் புத்தகப் பையைக் கதவுக்குள் வைத்து மறித்துவிட்டாய். உனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. அம்மா தலையில் கை வைத்தா. நான் உன்னைக் கண்டிப்பதுபோல நடித்துவிட்டு, வேலைக்குப் போய் அங்கே எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். உன் வாய் இந்த நாட்டில் உன்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு, நீ எதிர்த்துக் கதைப்பதைக் கேட்பது ஒரு சுகமாக இருந்தது.

றயனை நீ முதன்முதல் வீட்டுக்குக் கூட்டி வந்த நாளும் நல்ல நாளாகத்தான் இருந்தது. நீ அந்தக் கல்லூரி அணிக்கு ஃபிசியோவாகப் போய்ச் சேர்ந்து சில மாதங்கள். அவர் அணியின் ஹெட் கோச். உதைபந்தாட்டம் என்றால் எனக்குத் தெரியும். ஆனால் இது ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் மோதுகிற ஃபுட்போல். எனக்கு ஒன்றும் விளங்காது. அவர் மேசையில் மிளகு உப்புப் போத்தல்களை வைத்து, பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். அம்மாவின் கணவாய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அவர் போன பிறகு அம்மா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும்.

"நல்ல பெடியன். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைச்சிட்டுப் போறார், பாத்தனீங்களே?"

மாப்பிள்ளை ஒருவரைப் பேசினால் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் பழக்கம். தமிழ்ப் பெடியன் என்றால் தகப்பனின் ஊர், தாயின் ஊர் என்று பிடித்து, லண்டனிலோ பாரிசிலோ ஒருவரை ரெலிபோனில் எடுத்துவிடலாம். றயனைப் பற்றி யாரிடம் கேட்பது? அப்போதுதான் உன் மாமி இன்ரநெற்றில் அந்தப் பக்கத்தை எடுத்து எல்லோருக்கும் அனுப்பினா. கோச்மாரின் வரலாறு அதில் கிடக்கிறது: எந்த வருடம், எந்த அணி, எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி. குடும்பம் முழுக்க ஒரே புழுகம், பெருமை. மொத்தக் கணக்கில் வெற்றிதான் கூட. நான் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் சிவம் அண்ணையிடம் காட்டினேன். மல்வேர்னில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தாரே, அவர்தான். அவருடைய இரண்டு மகன்மாரும் பள்ளிக்கூடத்தில் இந்த விளையாட்டு விளையாடியவர்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கன நேரம் பார்த்தார்.

"இது வலு விசித்திரமாக் கிடக்கு."

"ஏன் அண்ணை? வெண்டுதானே இருக்கிறார்?"

"அதுதான் சொல்லுறன். வெல்லுற கோச்சைப் பெரிய இடங்கள் கொத்திக்கொண்டு போகும். இவர் முதல் இருந்தது நல்ல பெரிய யூனிவசிற்றி. அங்க மூண்டாம் வருசம் வெண்ட கையோட அதைவிடச் சின்ன இடம். அங்கயும் வெண்டு, அதைவிடச் சின்ன இடம். இப்ப ரொறன்ரோவில இந்தக் கல்லூரி. அங்க சனம் ஒழுங்கா இருந்து மட்ச் பாக்கிறதுக்கு ஒரு வாங்குகூட இல்லை. வெண்டு வெண்டு ஆர் கீழ இறங்கிறது?"

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். மூன்று அணிகள், நாலாவது இங்கே. முந்திய மூன்று இடத்திலும் ஒரே கோலம். முதல் வருடம் தோல்விதான் கூட. அடுத்த வருடம் ஏற்றம். கடைசியில் நல்ல வெற்றி, உடனே புறப்பாடு. உன்னிடம் அதைச் சொன்னபோது நீ கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினாய்.

"அவர் வெள்ளை எண்டதாலதானே அப்பா நோண்டுறீங்கள்? ஒரு தமிழ் டொக்டரைக் கொண்டு வந்திருந்தா இப்பிடிக் கூகிள் பண்ணியிருப்பீங்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. பல நாட்கள் அதை யோசித்தேன். என் மனதில் அப்படி ஒரு மூலை இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தமிழ் டொக்டர் என்றால் இதைவிட இரண்டு மடங்கு விசாரித்திருப்பேன் என்பதும் உண்மை. ஆகவே விசாரிக்கப் போனேன். நீயும் அவரும் ஒரு கல்யாணத்துக்காக மொன்றியல் போன கிழமை, அம்மாவிடம் சிவம் அண்ணையோடு மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையோரமாகக் கிழக்கே, அவருடைய முதலாவது அணி இருந்த ஊருக்குத் தனியாகக் காரை ஓட்டினேன்.

அங்கே யாரைத் தெரியும் எனக்கு? மைதானத்தைச் சுற்றி நடந்தேன். வேலியில் பழைய அணிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தார்கள். அவர் வென்ற வருடத்து அணியும் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள், அவர் இல்லை. எதிரே ஒரு சின்னக் கடை. கோப்பி வாங்கலாம் என்று உள்ளே போனால், காசு மேசைக்குப் பின்னால் நிற்பது எங்கட தமிழ் மனுசி ஒருத்தி. பெயர் ஜெயந்தி. முப்பது வருடமாக அதே இடத்தில் கடை. ஊர் எது என்று கேட்டு, நாடு எப்படி என்று கேட்டு, கடைசியில் நான் றயனின் பெயரைச் சொன்னேன். அவ கையில் இருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்தா.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"என்ர மகள் அவரைக் கட்டப் போறா."

அவ வாசலில் போய் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற மட்டையைத் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டினா. பிறகு சொன்னா. அதை நான் உனக்கு முன்பு பதற்றத்தில் அரைகுறையாகச் சொன்னேன். இப்போது அவ சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அவர் கத்தமாட்டார் அண்ணை. கத்துற மனுசனெண்டா சனத்துக்குத் தெரிஞ்சிடும். இவர் சிரிச்சுக்கொண்டு நிப்பார். அவரிட்ட ஒரு சட்டம் இருந்தது. தோத்த ஆள் நடந்து வர வேணும். மட்ச் தோத்தா பெடியள் பஸ்ஸில ஏறேலாது; மழையெண்டாலும் சினோப் பனி கொட்டினாலும் நடை. அவரோட ஒரு பொம்பிளைப் பிள்ளை சேர்ந்து வாழ்ந்தது, இஞ்சத்தைய வெள்ளைக்காரப் பிள்ளை. வாக்குவாதத்தில தோத்தா அதுக்கும் அதே சட்டம். அவர் மட்ச் தோத்திட்டு வந்தா, அண்டைக்கு வீட்டில வாக்குவாதம் வரும். முதல் வருசம் தோல்விதானே? அந்தப் பிள்ளை நெடுக நடக்கும். ஒருநாள் சினோவுக்குள்ள ஜக்கெற் இல்லாமல் வந்துது. விரலெல்லாம் மெழுகு மாதிரி. உள்ளுக்கு இழுத்து ஹீற்றருக்குப் பக்கத்தில இருத்தி, பொலிசுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டன். 'வேண்டாம், பிழை என்னிலதான்' எண்டுது."

"பிறகு?"

"பிறகு ஒரு பின்னேரம் ஒரு பையோட வந்துது. நான்தான் கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டனான். மூண்டாம் வருசம், வெண்ட வருசம்தான், ஒரு பெடியன் நடந்து வரேக்க விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தவன். தாய் தேப்பன் வந்து சண்டை. யூனிவசிற்றிக்காரர் சத்தமில்லாமல் நல்ல கடிதம் ஒண்டு குடுத்து அனுப்பிவிட்டினம்."

நான் எழும்பும்போது அவ என் கையைப் பிடித்தா. "மகள் நம்பமாட்டா அண்ணை. கோவிச்சுக்கொண்டு கதவை மட்டும் மூடிப்போடாதேங்கோ. 'நான் அப்பவே சொன்னனான்' எண்டு ஒருநாளும் சொல்லாதேங்கோ."

அவ சொன்னதுபோலவே நடந்தது. நீ நம்பவில்லை. எனக்கு முதலே அவர் உன்னிடம் சொல்லி வைத்திருந்தார். "அந்தப் பழைய கேர்ள்ஃப்ரெண்ட் ஒரு கிரேஸி, அப்பா. றயன் எல்லாம் எனக்குச் சொன்னவர்," என்றாய். அம்மாவும் உன் பக்கம். கடைக்காரி ஒருத்தியின் கதையைக் கேட்டு ஒரு நல்ல பெடியனை வேண்டாமென்பதா என்று என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. ஸ்காபரோ மண்டபத்தில் உன் கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரம் நீ உன் தோழிகளுக்கு அந்த பஸ் கதவுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் பின்னால் வந்து, சிரித்த முகத்தோடு, உன் பிடரியில் மெல்லக் கையை வைத்தார். நீ பாதி வசனத்தில் நிறுத்திவிட்டாய். தோழிகள் "பிறகு என்ன?" என்று கேட்க, "நத்திங்" என்றாய். உன்னைப் பாதியில் யாரும் நிறுத்தி நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. மனைவி அணியில் வேலை செய்வது சரியில்லை என்று அணியை விட்டாய். தூரம் என்று, மற்ற நாட்களில் வேலை செய்த கிளினிக்கையும் விட்டாய். உன்னோடு கதைக்கும்போது ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் இருந்தது. இவ்வளவுக்கும் அணி வென்றுகொண்டிருந்தது. நான் எல்லா மட்சுக்கும் போனேன். வெற்றி ஒன்று வரும்போதெல்லாம் விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோரைவிட நான்தான் பலமாகக் கைதட்டினேன். ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும்.

அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு மட்ச் தோற்றது. அடுத்த நாள் நான் மோர்னிங்சைட் வீதி வழியாக அம்மாவின் மருந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஐஸ் கலந்த மழை. நடைபாதையில் ஒரு பெண் மெல்லிய சுவெற்றரோடு கையைக் கட்டிக்கொண்டு நடந்து போனாள். பைத்தியமா இந்தப் பெட்டைக்கு என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் அது நீ.

காரைக் கரையில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். உன் தலைமயிரில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறு பிள்ளை."

"வேண்டாம் அப்பா. வோக் போறன். எக்ஸசைஸ்."

"ஜக்கெற் எங்க?"

"கார்ல."

"கார் எங்க?"

நான் இறங்கி வந்து என் ஜக்கெற்றைக் கழற்றி நீட்டினேன். நீ வாங்கவில்லை. "பிளீஸ் அப்பா. நான் நடந்துதான் போக வேணும். நீங்கள் ஏத்தினா அவருக்குத் தெரியும்."

உன்னைத் தூக்கிக் காருக்குள் போட்டிருக்கலாம். அந்த நேரம் என் கை எழும்பவில்லை. திரும்பிப் போய்க் காரில் ஏறி, இரண்டு பக்க விளக்கையும் மின்னவிட்டு, நீ நடக்கிற வேகத்திலேயே உனக்குப் பின்னால் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். நீ ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அபார்ட்மென்ற் வாசல் வரை அப்படியே வந்தோம். மேலே அவர் கதவைத் திறந்தார். கையில் துவாயோடு நின்றார். "அப்பா! நல்ல வேளை வந்தீர்கள், கோப்பி போடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். உன் கண் என்னைக் கெஞ்சியது. உள்ளே போய் இருந்து அந்தக் கோப்பியைக் குடித்தேன், பிள்ளை. முழுக்கவும் குடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை நூர்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அதற்குப் பிறகு அவ அவரை ஒருநாளும் 'நல்ல பெடியன்' என்று சொன்னதில்லை.

நவம்பரில் அணி சாம்பியனாகியது. கிண்ணத்தோடு அவர் படம் தமிழ்ப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த மாதமே, புதிய வாய்ப்பைத் தேடிப் போகிறார் என்று கல்லூரி ஒரு அறிவித்தல் போட்டது. அந்த அக்டோபர் தோல்வி அன்று மைதானத்திலிருந்து விடுதிவரை பிள்ளைகளை நடக்கவிட்டதாகவும், பெற்றோர் சிலர் முறையிட்டதாகவும் சிவம் அண்ணை கேள்விப்பட்டார். வடக்கே அந்த ஊரின் கல்லூரி இந்த வருடம்தான் புதிதாக ஒரு அணி தொடங்குகிறது. மாமி மறுபடியும் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பினா. ஐந்தாவது அணியின் பெயர் ஏறியிருக்கிறது. பக்கத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

எனக்குப் பயம் அதுதான். நீ அவரைச் சந்தித்தது அவர் வெல்லத் தொடங்கிய பிறகு. ஏறுகிற வருடமும் வென்ற வருடமும்தான் உனக்குத் தெரியும். வென்ற வருடத்தில் வந்த ஒரு தோல்விக்கே நீ அந்த மழையில் நடந்தாய். அவருடைய முதல் வருடம் எப்படி இருக்கும் என்பதை நீ இன்னும் பார்க்கவில்லை. புது அணி, அனுபவமில்லாத பிள்ளைகள், ஆறு மாதம் சினோ விழுகிற ஊர். அங்கே ஒவ்வொரு கிழமையும் தோற்கப் போகிறார்கள்.

அங்கே போனதும் ஒரு வேலை எடு. எத்தனை சின்ன வேலையாக இருந்தாலும் எடு. பக்கத்து வீட்டுச் சனத்தோடு பழகு, உன் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிழை உன்னில்தான் என்று உனக்குத் தோன்றுகிற நாளில், கடைக்குள் ஹீற்றரடியில் இருந்த அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள் என்று நினைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டுப் போக வந்தீர்கள். அவர் காரை இயக்கிவிட்டு வெளியே நின்றார். நீ வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினாய். தலையை நிமிர்த்தாமலே, தமிழில், காற்றுப்போல ஒரு குரலில் கேட்டாய்.

"அப்பா, அந்தக் கடை அன்ரியின்ர நம்பர் வைச்சிருக்கிறீங்களா?"

"ஓம்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. நீ எழும்பிப் போய்விட்டாய். நம்பர் இந்தத் தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஜெயந்தியோடு கதைத்துவிட்டேன். நீ எந்த நேரம் எடுத்தாலும் எழும்புவேன் என்று சொன்னா. என்ன முடிவு எடுப்பது, எப்போது எடுப்பது என்பது உன் கையில். இன்றைக்கே வருவதென்றாலும் உன் அறை இருக்கிறது. அவரோடு அங்கே போய் இருந்து பார்க்கிறேன் என்றாலும் நான் மறிக்கமாட்டேன். மறித்தால் நீ என்னிடமும் மறைப்பாய்.

ஆனால் உன்னைத் தனியாக விடமாட்டேன். அந்த ஊரில் ஒரு மோட்டலில் மாத வாடகைக்கு அறை கேட்டு எடுத்துவிட்டேன். அம்மாவும் வாறா. அவர் கேட்டால், அப்பாவுக்கு ஃபுட்போல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லு. நம்புவார், இங்கே ஒரு மட்சையும் விடாமல் வந்து கைதட்டினவன்தானே. வெல்கிற நாளில் கைகொடுத்துவிட்டுப் போய்விடுவேன். தோற்கிற நாளில், உன் வீட்டுத் தெருமுனையில் எங்கள் கார் நிற்கும். ஹீற்றர் போட்டிருப்பேன், பின்கதவு பூட்டியிருக்காது. நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏறி இரு. மிச்சத்தை ஓடிக்கொண்டே யோசிப்போம்.

அப்பா